மேல்மடையில் வேலை பார்க்க: கல்லூரியில் திறமூல மென்பொருள் பாடம் திட்டமிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

மே மாதக் கடைசியில் துறைத்தலைவர் கூப்பிட்டு, "அடுத்த பருவத்தில் திறமூல மென்பொருள் உருவாக்கம் என்று ஒரு விருப்பப்பாடம் வைக்கலாம் என்றிருக்கிறோம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார். மூல நிரலை யாரும் படித்து, திருத்தி, பகிரும்படி திறந்து வைத்திருக்கும் மென்பொருள்தான் திறமூல மென்பொருள். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன உங்களுக்கு இதை எந்த முனையில் பிடிப்பது என்று தெரியாமல் இருக்கலாம். பாளையங்கோட்டையில் சில ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். முதல் வருடமே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தவற்றை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

1. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

பாடத்திட்டம் எழுத உட்கார்ந்ததும் கை தானாகவே ஐந்து அலகு போடும். முதல் அலகு வரலாறு, இரண்டாவது லினக்ஸ் கட்டளைகள், மூன்றாவது பிஎச்பி, நான்காவது மைஎஸ்கியூஎல், ஐந்தாவது அப்பாச்சி. தவறில்லை. ஆனால் அப்படிப் படித்த மாணவருக்குத் திறமூல மென்பொருளைப் பயன்படுத்தத்தான் தெரியும், உருவாக்கத் தெரியாது. அது வேறு பாடம்.

என் பாடத்திட்டத்தின் முதல் வரி இது: "பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும், தனக்கு முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலைப் படித்து, அதில் ஒரு சிறு குறையைக் கண்டு, சரிசெய்து, அந்த மனிதர் ஏற்றுக்கொள்ளக்கூடிய விதத்தில் அனுப்பியிருக்க வேண்டும்." மற்ற எதையும் இந்த வரிக்கு உதவுகிறதா என்று பார்த்துத்தான் சேர்க்கிறேன், நீக்குகிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தாமிரபரணிதான் கைகொடுக்கிறது. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று ஆற்றிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரையில் வளர்ந்தவர்கள் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். கால்வாய்த் தண்ணீர் எல்லோர் வயலுக்கும் போகிறது. கால்வாயைத் தூர்வாருவது யார்? முன்பு ஊர்கூடிச் செய்த குடிமராமத்து அதற்குத்தான். தன் வயலுக்கு முன்னால் இருக்கும் அடைப்பை மட்டும் எடுத்துவிட்டு வருகிறவருக்கு, அடுத்த தண்ணீர் வரும்போது அதே குப்பை மறுபடி வந்து அடைக்கும். மேல்மடையில் சரிசெய்தால் கடைமடை வரைக்கும் தண்ணீர் போகும். மென்பொருளிலும் இதுவே நடக்கிறது. நம் கணினியில் இருக்கும் நகலில் மட்டும் பிழையைத் திருத்தினால் அடுத்த பதிப்பு வந்ததும் பிழை திரும்பிவிடும். திருத்தத்தை மூலத் திட்டத்துக்கே அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் அதை அப்ஸ்ட்ரீம் என்கிறார்கள். நான் வகுப்பில் மேல்மடை என்றே சொல்கிறேன். ஒரு தடவை சொன்னால் போதும், பருவம் முழுக்க மாணவர்களே அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

2. பாடம் எந்த வாசல் வழியாக நுழையும் என்று பாருங்கள்

தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் வைத்து விருப்பப்பாடமாகவே கொண்டுவரலாம். கூட்டம் எப்போது நடக்கும் என்று முதலில் விசாரியுங்கள். அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த வருடம்தான். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் கல்லூரி என்றால், 30 மணி நேர மதிப்புக்கூட்டுப் பாடமாகத் தொடங்குவதே எளிது. அனுமதி விரைவில் கிடைக்கும், வெளித்தேர்வுக் கவலையும் இல்லை. இந்த 30 மணி நேர வடிவத்தில் ஒரு வருடம் நடத்திப் பார்த்துவிட்டு முழுப் பாடமாக்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. எது வேலைக்கு ஆகிறது, எது ஆகவில்லை என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

3. ஆய்வகத்தை ஒரு மாதம் முன்பே தயார் செய்யுங்கள்

பாடம் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லேப் அசிஸ்டென்ட்டை முதல் நாளிலிருந்தே கூட்டாளியாக்கிக்கொள்ளுங்கள். எந்தக் கணினியில் எவ்வளவு நினைவகம், எது அடிக்கடி நிற்கும், இணையத்தில் எதை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் மெய்நிகர் இயந்திரம் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டினால் இரண்டும் தவழும். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்புடன் டெபியன் லினக்ஸையோ, லுபுண்டுவையோ நேரடியாகவே நிறுவிவிடுங்கள். விண்டோஸை எடுக்க அனுமதி இல்லை என்றால் இரண்டும் சேர்ந்து இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

மறுதொடக்கம் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும்படி ஆய்வகக் கணினிகளை அமைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஒரு வாரம் மாணவர்கள் செய்திருந்த கமிட்கள் (நிரலில் செய்த மாற்றங்களின் பதிவுகள்) அத்தனையும், மின்சாரம் போய் வந்த ஒரு மதியத்தில் மறைந்துவிட்டன. வீரவநல்லூரிலிருந்து வரும் ஒரு பையன் மட்டும் முந்தின நாள் தன் மடிக்கணினிக்கு நகல் எடுத்துப் போயிருந்தான். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் ஒவ்வொரு நகலும் முழு வரலாற்றையும் சுமந்திருக்கும். அவன் குழுவின் வேலை முழுசாகத் திரும்பக் கிடைத்தது. மற்ற குழுக்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு கணினியை ஆய்வகத்தின் சேமிப்பிடமாக ஒதுக்கி, வகுப்பு முடியும்போது எல்லோரும் தங்கள் கமிட்களை அதற்குத் தள்ளிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன்.

அந்தச் சேமிப்பிடக் கணினிக்கு வேறு பயனும் உண்டு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் கிட்டை உருவாக்கியபோது, மையக் கணினியை நம்பியிராமல் அவரவர் கணினியிலேயே வேலை நடக்கும்படிதான் அமைத்தார். அதனால் இணையம் இல்லாவிட்டாலும் உள்வலையமைப்பிலேயே முதல் ஐந்து வாரங்களை ஓட்டிவிடலாம். ஃபோர்ஜிஜோ போன்ற ஒரு மென்பொருளை அதில் நிறுவினால் இஷ்யூ (பிழையையோ தேவையையோ பதிவது), புல் ரிக்வெஸ்ட் (நம் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது) எல்லாவற்றையும் உள்ளேயே பழகலாம். பழகும்போது செய்யும் தவறுகள் உலகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது பெயர் விவகாரம். ஆய்வகக் கணினி ஒன்றில் கிட்டுக்கு யாருடைய பெயரும் மின்னஞ்சலும் கொடுக்கப்பட்டிருக்கிறதோ, அந்தப் பெயரில்தான் கமிட் பதிவாகும். காலைப் பிரிவு மாணவியின் பெயரில் மாலைப் பிரிவு மாணவரின் வேலை பதிவாவது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. கணினி முழுமைக்கும் பெயர் கொடுக்காமல், ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் (ஒரு திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் இருக்கும் இடம்) தனித்தனியாகக் கொடுக்கப் பழக்குங்கள். கமிட்டில் போகும் மின்னஞ்சல் முகவரி உலகம் முழுவதும் பார்க்கக் கிடக்கும், பின்னால் அழிப்பதும் கடினம். கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் தரும், உண்மை முகவரியை மறைக்கும் பதில் வராத முகவரியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மாணவிகளின் வீட்டில் இது குறித்துக் கேட்பார்கள், கேட்பது நியாயம்தான்.

கைபேசித் தடை இன்னொரு சிக்கல். 2021 ஆகஸ்டிலிருந்து கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லைக் கிட்ஹப் ஏற்பதில்லை, தளம் உருவாக்கித் தரும் டோக்கனோ, நம் கணினியில் உருவாக்கும் எஸ்எஸ்எச் சாவியோ வேண்டும். நிரல் பங்களிப்பவர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு, பெரும்பாலும் கைபேசியில் கிடைக்கும் ஒரு எண்ணையும் கேட்பது) 2023-ல் கட்டாயமாக்கினார்கள். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் வளாகத்துக்குள் கைபேசி கூடாது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், முதல் வகுப்பிலேயே அறுபது பேரும் கணக்குக்குள் நுழைய முடியாமல் நிற்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கைபேசிக்கு முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கலாம். கீபாஸ்எக்ஸ்சி போன்ற மென்பொருளால் கணினியிலேயே அந்த எண்களை உருவாக்கிக்கொள்ளவும் முடியும். மீட்புக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். கணக்கு தொடங்குவதை முந்தின வாரமே வீட்டுவேலையாகக் கொடுத்துவிடுங்கள். ஒரே இணைப்பிலிருந்து ஒரே நேரத்தில் அறுபது புதுக் கணக்குகள் வந்தால் எந்தத் தளமும் சந்தேகப்படலாம்.

அப்புறம், எல்லோர் வீட்டிலும் கணினி இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். திசையன்விளை, ராதாபுரம் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைகளுக்குக் கையில் கைபேசி மட்டும்தான் இருக்கும். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற கட்டளைத்திரைச் செயலியை நிறுவினால் கிட், பைத்தான் இரண்டும் ஓடும். திரை சிறியது, ஆனால் வேலை நடக்கும். நல்ல பங்களிப்புகள் சில பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எழுதப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

4. முதல் இரண்டு வாரம்: பார்ப்பது, படிப்பது

வரலாற்றுக்கு ஒரு மணி நேரம் போதும். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் பயன்படுத்தி மாற்றக்கூடிய ஓர் இயங்குதளத்துக்கான குனூ திட்டத்தை அறிவித்தது, 1991-ல் லினக்ஸ், 1998-ல் ஓப்பன் சோர்ஸ் என்ற பெயர் பிறந்தது. கட்டற்ற மென்பொருள், திறமூல மென்பொருள் என்று தமிழில் இரண்டு பெயர்கள் ஏன் புழங்குகின்றன என்பதையும் அந்த மணி நேரத்துக்குள்ளேயே சொல்லிவிடலாம். முதல் பெயர் பயனரின் சுதந்திரத்தைப் பேசுகிறது, இரண்டாவது உருவாக்கும் முறையைப் பேசுகிறது.

மிச்ச நேரத்தில் வகுப்பை விட்டு வெளியே கூட்டிப்போங்கள். உங்கள் கல்லூரி நூலகம் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000-ம் ஆண்டு ஜனவரியில் அங்கே பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள் அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை என்று பொருள். ஒரு சின்ன ஊர் நூலகத்தின் தேவைக்காகப் பிறந்தது நம் ஊர் நூலகத்தில் எப்படி வந்து ஓடுகிறது, தமிழ்ப் புத்தகத் தலைப்பைத் தேடினால் என்ன வருகிறது, நூலகருக்கு அதில் எது சிரமம் என்று மாணவர்களையே கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். நூலகர் சொல்லும் குறைகளில் ஒன்றிரண்டாவது பிற்பாடு நல்ல பிழை அறிக்கையாகும்.

அதே வாரம் ஒரு வீட்டுவேலை. கைபேசியின் அமைப்புகளுக்குள் சட்டத் தகவல் பகுதியில் ஓப்பன் சோர்ஸ் உரிமங்களின் பட்டியல் இருக்கும். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் மென்பொருள்களில் பத்தின் பெயரையும் உரிமத்தையும் நோட்டில் எழுதி வர வேண்டும். முடிவே இல்லாமல் நீளும் அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு இந்தப் பாடம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

5. மூன்று முதல் ஆறாம் வாரம் வரை: ஊர்ப்பெயரை வைத்துக் கிட் பழகுவது

கிட் கட்டளைகளைப் பட்டியலாக நடத்தாதீர்கள், தலைக்குள் ஏறாது. ஒரு சின்னத் திட்டத்தைக் கொடுத்து, தேவை வரும்போது தேவையான கட்டளையைச் சொல்லிக்கொடுங்கள். நான் கொடுப்பது ஊர்ப்பெயர்த் தேடல்: மாவட்டத்து ஊர்களின் பெயர்களை வைத்துக்கொண்டு தேடவும் வரிசைப்படுத்தவும் ஒரு பைத்தான் நிரல். கேட்டால் சின்ன வேலைதான். செய்யும்போதுதான் அதன் ஆழம் தெரியும்.

திருநெல்வேலி என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஆறு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பைத்தானிடம் நீளம் கேட்டால் 12 என்கிறது. தி என்பது நமக்கு ஓரெழுத்து, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடில் த ஒன்று, இகரக் குறி ஒன்று. பாளையங்கோட்டை இன்னும் மோசம். நமக்கு ஏழெழுத்து, பைத்தானுக்கு 13. சில சமயம் 14-ம் வரும். ஏனென்றால் கோ என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைச் சுழியையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. இப்படி இரு வடிவில் இருப்பதை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோட் இயல்பாக்கம் என்ற ஒன்று எதற்கு இருக்கிறது என்பதைப் பாளையங்கோட்டையைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் உதாரணமும் எனக்கு விளக்கியதில்லை.

வரிசைப்படுத்துவதிலும் இதே கதை. மாறாந்தை, மானூர் இரண்டையும் அகரவரிசையில் வைத்தால் மாறாந்தைதான் முதலில் வர வேண்டும், றகரத்துக்குப் பிறகுதான் னகரம். பைத்தான் மானூரை முன்னால் வைக்கும். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே உட்கார்ந்திருப்பதுதான் காரணம்.

வகுப்பை நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிழையைக் கொடுங்கள். ஒரு குழு எழுதியதை இன்னொரு குழு படித்துக் கருத்துச் சொன்ன பிறகுதான் சேர்க்க வேண்டும். இரண்டு குழுக்கள் ஒரே வரியில் கை வைக்கும்படி வேண்டுமென்றே ஏற்பாடு செய்யுங்கள், மோதலைத் தீர்க்கவும் பழகிவிடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு, எழுத்துகளைப் பிரிக்கும் வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நூலகத்தைத் திறந்து காட்டுங்கள். நாம் நான்கு வாரம் மல்லாடிய அதே சிக்கலை இன்னொருவர் எப்படித் தீர்த்திருக்கிறார் என்று அப்போது மாணவர்கள் வரிவரியாகப் படிப்பார்கள். முதல் நாளே காட்டியிருந்தால் நிறுவிவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

உரிமங்களுக்கு இதற்கு நடுவில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். உரிமம் எதுவும் போடாத நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. இந்தியாவின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு வகையில் சேர்த்துப் பாதுகாக்கிறது. எழுதியவர் அனுமதி தராதவரை மற்றவர் எடுத்தாள முடியாது. எம்ஐடி உரிமம் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எடுத்துக்கொள் என்கிறது. ஜிபிஎல், நீ மாற்றியதை வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில் கொடு என்கிறது. இந்த வேறுபாடு புரிந்தால் போதும், மற்றவை தேவைப்படும்போது படித்துக்கொள்வார்கள்.

6. ஏழாம் வாரம்: பிழை அறிக்கை எழுதுவது

நிரல் எழுதுவதற்கு முன்னால் பிழையை ஒழுங்காகச் சொல்லத் தெரிய வேண்டும். "வேலை செய்யவில்லை" என்பது அறிக்கை இல்லை. எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. இந்த நான்கும் இருந்தால் முன்பின் தெரியாத ஒருவர் தன் கணினியில் அதைத் திரும்ப நடத்திப் பார்க்க முடியும். ஒருவர் எழுதிய அறிக்கையைப் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பிழையை வரவழைக்கச் சொல்லுங்கள். வராவிட்டால் அறிக்கையைத் திருத்த வேண்டும்.

இங்கே ஆங்கிலப் பயம் தலைகாட்டும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் நன்றாக நிரல் எழுதுவார்கள், இரண்டு வரி ஆங்கிலம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். முதலில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் அவர்களே மாற்றட்டும், நீங்கள் பார்த்துக்கொடுங்கள். உலகத்தின் திறமூலத் திட்டங்களில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் ஏராளம் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். "ரெஸ்பெக்டட் சார்" என்று விடுப்புக் கடிதம்போலத் தொடங்க வேண்டியதில்லை. வணக்கம், விஷயம், நன்றி, அவ்வளவு போதும்.

7. எட்டாம் வாரத்திலிருந்து: வெளித்திட்டம்

பாடத்தின் மையம் இதுதான். மாணவர் எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் நீங்கள் கூடவே இருக்க வேண்டும். புகழ்பெற்ற திட்டத்தின் மேல்தான் எல்லோருக்கும் ஆசை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பெயர் வரவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். அந்த ஆசையைக் கிள்ளிவிடாதீர்கள், ஆனால் ஒரு பருவத்துக்குள் முடியும் வேலைக்கு அவர்களைத் திருப்புங்கள்.

நான் பார்க்கச் சொல்வது இவைதான். கடைசிக் கமிட் எப்போது? ஒரு மாதத்துக்குள் இருந்தால் உயிரோடு இருக்கிறது. வெளியாள் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டுக்கு எத்தனை நாளில் பதில் வருகிறது, எந்தத் தொனியில் வருகிறது? பங்களிப்பவர்களுக்கான வழிகாட்டிக் கோப்பு இருக்கிறதா? புதியவர்களுக்கு ஏற்ற வேலை என்று சில இஷ்யூக்களுக்கு அடையாளம் போட்டிருக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மென்பொருளை மாணவர் தினமும் பயன்படுத்துகிறாரா? தான் பயன்படுத்தாத மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது கடினம். விஎல்சியில் படம் பார்க்கிறவருக்கு, லிபர் ஆபீஸில் ரெக்கார்டு அடிக்கிறவருக்குக் குறை தானாகவே கண்ணில் படும்.

நிரல் மட்டுமே பங்களிப்பு என்று வைத்துவிடாதீர்கள். ஆவணத்தில் பழைய கட்டளையைத் திருத்துவதும், தமிழாக்கமும் பங்களிப்புதான். லிபர் ஆபீஸ் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்தில் நடக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் மொழிபெயர்ப்பு பாண்டூன் என்ற தளத்தில். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டக்கூடாது, ஏற்கெனவே புழங்கும் கலைச்சொல்லை மாற்றுவதற்கு முன் அந்தக் குழுவிடம் கேட்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தயங்குகிற மாணவர்களுக்கு முதல் படியாக நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் கொடுப்பேன். 2004-ல் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். தன் ஊர்க் குளத்தின் பெயர், மடை இருக்கும் இடம், கோயில் தெருவின் பெயர், எல்லாம் அந்த மாணவருக்குத்தான் தெரியும், வெளிநாட்டில் இருக்கும் எந்த நிபுணருக்கும் தெரியாது. கூகுள் மேப்பைப் பார்த்து நகலெடுக்கக்கூடாது, நேரில் கண்டதை மட்டுமே சேர்க்க வேண்டும். நடத்திய உரிமப் பாடத்துக்கு இது நல்ல பயிற்சியாகவும் ஆகிவிடும். தான் சேர்த்த குளத்தை வரைபடத்தில் பார்த்த மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரும் நடையே வேறு.

பத்தாம் வாரத்துக்குள் எல்லோரும் அனுப்பிவிட வேண்டும் என்று கெடு வையுங்கள். பதில் வர நாளாகும். "சார், பதிலே போட மாட்டேங்காவ" என்று பதினொன்றாம் வாரம் வந்து நிற்பார்கள். மறுமுனையில் இருப்பவர் வேலைக்குப் போய்விட்டு வந்து, சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து பார்க்கிறவராக இருக்கலாம். பத்து நாள் பொறுத்து, ஒரே ஒரு முறை பணிவாக நினைவூட்டலாம். இதைப் புரியவைக்க எக்ஸ்இசட் கதையை ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லுவேன். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கும் அந்தச் சுருக்கும் கருவியைப் பல ஆண்டுகளாக ஒரே மனிதர் களைப்போடு பேணிவந்தார். உதவுவதாக வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, உள்ளே கள்ளவழி வைத்துவிட்டார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாவது ஏன் என்று துருவிப் பார்த்ததால்தான் அது வெளிவந்தது. தனியாளாகக் கால்வாயைக் காத்துவந்தவருக்கு முன்பே நாலு பேர் கைகொடுத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று மாணவர்களே பேசிக்கொள்வார்கள்.

8. செய்யக்கூடாததை முன்பே சொல்லிவிடுங்கள்

திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நம் பருவத்துக்கு நடுவில்தான் வருகிறது. 2020-ல் அது தரும் டி-ஷர்ட்டுக்காக, ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து ஆயிரக்கணக்கானோர் குப்பையாக அனுப்பியதில் திட்டங்களைப் பேணுவோர் திணறிப்போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே சேரும்படி விதியைப் பாதியிலேயே மாற்ற வேண்டியிருந்தது. அறுபது மாணவருக்கும் ஒரே திட்டத்தைக் கொடுத்தால் நாமும் அதையே செய்தவர்களாவோம். ஒரு திட்டத்துக்கு இருவருக்கு மேல் வேண்டாம்.

ஆய்வு என்ற பெயரில் சோதித்துப் பார்ப்பதும் கூடாது. 2021-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே குறையுள்ள திருத்தங்களை லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பிப் பார்த்தது தெரியவந்தபோது, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் திருத்தங்களே வேண்டாம் என்று நிறுத்திவைக்கப்பட்டது. ஓரிருவர் செய்ததன் பலன் கல்லூரி முழுவதுக்கும்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை அப்படியே அனுப்புவதும் இன்றைக்கு இதே வரிசையில் சேர்ந்துவிட்டது. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தைப் பேணும் டேனியல் ஸ்டென்பெர்க், அப்படி வந்து குவியும் பொய்யான பாதுகாப்பு அறிக்கைகள் எவ்வளவு நேரத்தை விழுங்குகின்றன என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். என் விதி: உதவி கேட்கலாம், ஆனால் அனுப்பும் ஒவ்வொரு வரியையும் கரும்பலகையில் நின்று விளக்கத் தெரிய வேண்டும். விளக்கத் தெரியாத வரி போகக்கூடாது.

9. மதிப்பெண்

திருத்தம் மேல்மடையில் சேர்க்கப்பட்டால்தான் மார்க் என்று வைக்காதீர்கள். சேர்ப்பதும் மறுப்பதும் மாணவர் கையில் இல்லை. முதல் வருடம் நான் அப்படித்தான் வைத்தேன். நன்றாக உழைத்த ஒரு மாணவியின் திருத்தத்தைப் பருவம் முடியும்வரை யாரும் பார்க்கவே இல்லை, மிக எளிய எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திய பையனுக்கு முழு மார்க். அநியாயம் அது.

இப்போது நூறுக்கு இப்படிப் பிரிக்கிறேன்: வாசிப்புக் குறிப்பேடு 15, ஊர்ப்பெயர்த் திட்டத்தில் கமிட்களும் மற்றவர் நிரலுக்குச் சொன்ன கருத்துகளும் 25, பிழை அறிக்கை 15, வெளிப் பங்களிப்பைச் செய்த விதம் 30, வைவா 15. செய்த விதம் என்பதில் வழிகாட்டிக் கோப்பைப் படித்தாரா, கமிட் செய்தி தெளிவாக இருக்கிறதா, வந்த கருத்துக்கு எப்படிப் பதில் சொன்னார் என்பதெல்லாம் அடங்கும். மறுக்கப்பட்ட திருத்தத்துக்கும் முழு மார்க் கொடுத்திருக்கிறேன்.

ரெக்கார்டு நோட்டு கேட்பார்கள். கிட் வரலாற்றையும் உரையாடல்களையும் அச்செடுத்துத் தைத்துவிடுங்கள், வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு அது போதும். வைவாவில் மாணவருடைய கமிட் ஒன்றைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்து, இது ஏன் என்று கேட்டால், யார் செய்தது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

10. நாள்காட்டி

15 வாரம் என்று காகிதத்தில் இருந்தாலும் 13 என்றே திட்டமிடுங்கள். ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, தசரா, தீபாவளி உண்டு. வடகிழக்குப் பருவமழை வேறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து, நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆய்வகச் சேமிப்பிடத்தின் நகல் ஒன்று கல்லூரிக்கு வெளியேயும் இருக்கட்டும்.

பருவம் முடிந்ததும் உங்கள் பாடத்திட்டம், பயிற்சித் தாள்கள், ஊர்ப்பெயர்த் திட்டம் எல்லாவற்றையும் திறந்த உரிமத்தோடு ஒரு பொதுக் களஞ்சியத்தில் போட்டுவிடுங்கள். நாகர்கோவிலிலோ கோவில்பட்டியிலோ அடுத்த மே மாதம் இதே பாடத்தைக் கையில் வாங்கும் ஆசிரியர் அதை நகலெடுத்து, தன் ஊர்ப் பெயர்களைப் போட்டு, உங்கள் பயிற்சியில் இருக்கும் பிழை ஒன்றையும் திருத்தி அனுப்புவார். அதை எத்தனை நாளில் பார்த்துப் பதில் போடுவீர்கள் என்பதையும் உங்கள் களஞ்சியத்தின் பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பில் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.